பாயில் கடன் கிடையாது

இது நீளமான இழை. சீட்டாட்டத்தைப் பற்றியது. நடுவில் மருத்துவம் வரும். ஒரு டீ போட்டுக்கிட்டு வந்து உட்காருங்க.

எனக்குத் தெரிந்த ஹவுஸ் சர்ஜன் தம்பி ஒருத்தர் போன வாரம் மெசேஜ் அனுப்பியிருந்தார். "சார், ஹாஸ்டல்ல ஞாயித்துக்கிழமை போக்கர் லீக் ஆரம்பிக்கிறோம். பணம் கிடையாது, பிளாஸ்டிக் சிப்ஸ்தான். ரூல்ஸ் எல்லாம் யூடியூப்ல இருக்கு. ஆனா டேபிள்ல எப்படி நடந்துக்கணும்னு யாரும் தெளிவா சொல்லல. நீங்க ஊர்ல சீட்டு ஆடுவீங்களாமே?"

ஆடுவேன். மறைக்க ஒண்ணும் இல்லை. ஆனால் எனக்குத் தெரிந்தது போக்கர் இல்லை, பாகூர் பக்கத்துக் கிராமத்து ரம்மி. தென்னந்தோப்பு, மோட்டார் கொட்டகை, இரண்டு கோரைப்பாய், பாய்க்கு நாலு பேர். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்ததும் ஆரம்பித்து, விளக்கு வைக்கிற நேரத்துக்கு முடிந்துவிடும். வருஷத்துக்கு ஒருமுறை, காணும் பொங்கல் அன்றைக்குப் பெரிய போட்டி. என் அப்பா காலத்திலிருந்து நடக்கிறது. அவர் போன பிறகு அந்த இடத்தில் என்னை உட்கார வைத்தார்கள்.

இந்தப் பாய்க்குச் சட்டம் எழுதினவர் ஒரு பெரியப்பா. சொந்தப் பெரியப்பா இல்லை, அப்பாவோட கூட்டாளி. கணக்கு எழுதுகிறவர் ஒரு ரிட்டயர்டு வாத்தியார். கோடு போட்ட நீள நோட்டு, சிவப்பு மை. யார் எந்த ஞாயிற்றுக்கிழமை எத்தனை பாயிண்ட் வாங்கினார்கள் என்று வருஷக்கணக்காக எழுதி வைத்திருக்கிறார். இந்த நோட்டை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னால் வரும்.

ஆடாதவர்களுக்காக ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிடறேன். ஆளுக்கு 13 சீட்டு. ஜோக்கர் கலக்காத வரிசை ஒன்று கட்டாயம் வேண்டும், அதுதான் ஃபர்ஸ்ட் லைஃப். ஒருத்தர் முடித்துக் காட்டினால், மற்றவர்கள் கையில் சேராமல் நிற்கிற சீட்டெல்லாம் பாயிண்ட். ராஜா, ராணி, ஜாக்கி, ஆஸ் எல்லாம் தலைக்குப் பத்து. அதிகபட்சம் 80, அதுதான் ஃபுல். பாயிண்ட் 101 தொட்டால் ஆட்டத்தை விட்டு வெளியே.

கை மோசமாக வந்தால் ஆட வேண்டியதில்லை. ஒரு சீட்டும் எடுக்காமல் கவிழ்த்து வைத்துவிடலாம். எங்க ஊரில் இதுக்கு ஸ்கூட் என்று பேர். 20 பாயிண்ட்டோடு தப்பிக்கலாம். ஆடிப் பார்த்துவிட்டு நடுவில் விட்டால் 40. விடாமல் பிடித்துக்கொண்டு தோற்றால் 80 வரைக்கும் போகும். ரம்மியில் பாதித் திறமை, எந்தக் கையை ஆடக்கூடாது என்று தெரிவதுதான். போக்கரிலும் அப்படித்தான் என்று சொல்கிறார்கள்.

இனி தம்பி கேட்ட விஷயம்.

எல்லாருக்கும் 13 சீட்டும் விழும்வரை யாரும் கையில் எடுக்கக்கூடாது. கட்டிலிருந்து சீட்டைத் தொட்டால் எடுத்த மாதிரிதான், "சும்மா தொட்டேன்" எல்லாம் செல்லாது. முறை வராமல் சீட்டை நீட்டினால், அடுத்தவனுக்கு உன் மனசு தெரிந்துவிடும், அது மற்றவர்களுக்குச் செய்கிற துரோகம். ஸ்கூட் விட்டவர் என்ன சீட்டு வைத்திருந்தார் என்று சொல்லக்கூடாது, முகத்தாலும் சொல்லக்கூடாது. பின்னால் நின்று வேடிக்கை பார்க்கிறவர் வாயே திறக்கக்கூடாது. உலகம் முழுக்கப் போக்கர் போட்டிகளிலும் இதே விதிதான்: ஒரு கையை ஒரே ஆள்தான் ஆட வேண்டும். லாஸ் வேகாசில் கோட் போட்டுக்கொண்டு சொல்வதை எங்க ஊரில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சொல்கிறோம், அவ்வளவுதான்.

தப்பாக டிக்ளேர் பண்ணினால் 80. ஆனால் யாரும் சிரிக்கக்கூடாது. இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த விதி. நான் மூன்று தடவை பண்ணியிருக்கேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை, வாத்தியார் மட்டும் எழுதும்போது கொஞ்சம் அழுத்தி எழுதினார்.

முதலில் வெளியே போகிறவர் டீக்கடைக்குப் போகணும். அங்கேயே இருந்துவிடக்கூடாது, தூக்கில் டீ வாங்கி வந்து எல்லாருக்கும் ஊற்றிவிட்டு, கடைசி ஆட்டம் வரை உட்கார்ந்திருக்கணும்.

பணம்? பொங்கல் போட்டிக்கு ஆளுக்கு நூறு ரூபாய். அது கறிக்கும் டீக்கும் போகும், ஜெயித்தவருக்கு ஒரு சேவல். அதற்கு மேல் பக்கப் பந்தயம் கிடையாது. 101 தொட்டு வெளியே போனவர் மறுபடி பணம் கட்டி உள்ளே வரமுடியாது. போக்கரில் இந்த மாதிரிப் போட்டிக்கு ஃப்ரீஸவுட் என்று பேர். தம்பி, ஹாஸ்டலில் இதையே வெச்சுக்கோ. விளக்கு வைத்தால் யார் எவ்வளவு பின்தங்கியிருந்தாலும் ஆட்டம் முடிந்தது. கடைசியாக, பெரியப்பா கொட்டகைச் சுவரில் கரிக்கட்டையால் எழுதி வைத்த விதி: பாயில் கடன் கிடையாது.

இதெல்லாம் வெறும் மரியாதைக்கு என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

பெரியப்பாவுக்கு நோய் இருக்கிறதைக் கண்டுபிடித்தது இந்தப் பாய்தான். இடது கையில் சீட்டை விசிறி மாதிரிப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும்போது கை நடுங்கும். சீட்டைப் பிரித்து அடுக்கப் போனால் நடுக்கம் குறைந்துவிடும். ஓய்வில் இருக்கும்போது வருகிற நடுக்கம் பார்கின்சன் நோயின் முக்கியமான அடையாளம். எதிரே உட்கார்ந்து நாலு வாரம் பார்த்துவிட்டு, நகரத்தில் ஒரு நரம்பியல் நிபுணரிடம் அனுப்பினேன். வயது 66. லெவோடோபாவும், கூடவே பிரமிபெக்சோல் என்ற மாத்திரையும் ஆரம்பித்தார்கள். மாதாமாதம் எழுதிக் கொடுத்தது நான். அவர்கள் சொன்ன அட்டவணைப்படி அளவைக் கூட்டினதும் நான்.

நல்ல முன்னேற்றம். நடுக்கம் குறைந்தது, நடை வேகமானது. பாயில் எல்லாரும் எனக்குக் கைகொடுத்தார்கள். எனக்கும் கொஞ்சம் தலைகனம்தான்.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் வாத்தியார் கிளினிக்குக்கு வந்தார். டோக்கன் எடுத்து, தன் முறை வரும்வரை உட்கார்ந்திருந்து, உள்ளே வந்து மேஜை மேல் நோட்டை வைத்தார்.

"தம்பி, எனக்கு வைத்தியம் தெரியாது. இத மட்டும் பாரு."

பெரியப்பா பேருக்குக் கீழே விரலை ஓட்டினார். பழைய பக்கங்களில் 20, 20, 7, 20, 0, 12. ஊரே கேலி பண்ணும், மனுஷன் பாதி ஆட்டம் ஸ்கூட் விட்டே ஜெயிப்பார் என்று. ஆடி மாதத்துக்குப் பிறகு 20 குறைகிறது. ஐப்பசியில் ஒன்று கூட இல்லை. 80, 64, 80, 80.

"ஃபர்ஸ்ட் லைஃபே இல்லாத கைய விடமாட்டேங்கறார். விளக்கு வெச்சப்புறம் இன்னொரு ரவுண்டுன்றார். போன வாரம் நூறை ஆயிரமாக்கலாம்னார். அவரு போட்ட சட்டம்பா இது."

நான் கம்ப்யூட்டரில் என்னுடைய பிரிஸ்கிரிப்ஷனை எடுத்துப் பார்த்தேன். கடைசியாக அளவைக் கூட்டினது ஆடி மாதம்.

இதைப் படித்திருக்கிறேன். 2005-லேயே அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள், பார்கின்சன் மாத்திரை ஆரம்பித்த பிறகு சூதாட்டத்துக்கு அடிமையான 11 பேரைப் பற்றி எழுதினார்கள். அதில் 9 பேர் எடுத்தது பிரமிபெக்சோல். 2010-ல் வெளிவந்த பெரிய ஆய்வில் 3,090 நோயாளிகள். இந்த வகை மாத்திரை எடுத்தவர்களில் 17.1 சதவீதம் பேருக்கு அடக்கமுடியாத சூது, செலவு, தீனி, பாலுணர்வு என்று ஏதோ ஒன்று இருந்தது. எடுக்காதவர்களில் 6.9 சதவீதம். பரீட்சைக்குப் படித்த விஷயம். மாதாமாதம் அவரிடம் மலச்சிக்கல் கேட்டேன், தூக்கம் கேட்டேன், தலைசுற்றல் கேட்டேன். சூதாடத் தோணுதா என்று ஒருமுறை கூடக் கேட்கவில்லை. வாராவாரம் எதிரே உட்கார்ந்து ஆடுகிறவன், எனக்கே 80, 80 என்று கண்ணில் படவில்லை.

மூளையில் டோபமின் குறைவதால் வருகிற நோய் இது. டோபமின் மாதிரியே வேலை செய்கிற இந்த மாத்திரை, கை கால் அசைவுக்கான பாதையோடு நிற்பதில்லை. ஆசை, பரிசு, 'இன்னொரு தடவை' என்கிற பாதையையும் தட்டுகிறது. ஜெயிக்கிற சுகம் பெரிதாகத் தெரியும், தோற்றதன் வலி மனசில் பதியாது.

1967-ல் செகந்திராபாத் கிளப் ஒன்றின் வழக்கில் உச்ச நீதிமன்றம், ரம்மி மூணு சீட்டு மாதிரி முழுக்க அதிர்ஷ்டம் இல்லை என்றது. விழுந்த சீட்டை நினைவில் வைக்கணும், எதை வைத்துக்கொள்வது எதைப் போடுவது என்று தெரியணும், அது திறமை என்றது. பெரியப்பாவுக்கு நினைவு அப்படியே இருந்தது. எதிராளி மூன்று சுற்றுக்கு முன்னால் போட்ட கிளாவர் எட்டைச் சரியாகச் சொல்வார். போடுகிற, விடுகிற புத்தியைத்தான் நான் எழுதிக் கொடுத்த மாத்திரை எடுத்துக்கொண்டது.

வீட்டுக்குப் போனேன். பெரியம்மா கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது. நாலு பவுன் சங்கிலி அடகுக் கடையில். பாயில் கடன் கிடையாதே, பணம் எங்கே போனது? போனில். ராத்திரி எல்லாரும் தூங்கின பிறகு ரம்மி ஆப். அதில் விளக்கு வைக்கிற நேரம் கிடையாது. 101 தொட்டால் டீ வாங்கப் போகச் சொல்ல ஆள் கிடையாது, அடுத்த மேஜை உடனே திறக்கும். முக்கியமாக, இவர் ஏன் ஸ்கூட் விடுவதை நிறுத்திவிட்டார் என்று யோசிக்க அங்கே வாத்தியார் கிடையாது. (2025 ஆகஸ்ட்டில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை, திறமையோ அதிர்ஷ்டமோ, மொத்தமாகத் தடைசெய்து மத்திய அரசு சட்டம் கொண்டுவந்தது. இது அதற்கு முந்தைய கதை.)

"என் பணம் என் ஆட்டம், உனக்கு இன்னா வந்துச்சி?" என்றார் பெரியப்பா. நோட்டைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "இது நான் ஆடுன ஆட்டம் இல்லயே தம்பி" என்றார். பெரியம்மா உள்ளே போய் அழுதார். இத்தனை மாசமாக அவர் புருஷனைத் திட்டிக்கொண்டிருந்தார், மாத்திரையைத் திட்டணும் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவன் நான். மன்னிப்புக் கேட்டேன்.

நரம்பியல் நிபுணரிடம் பேசி, பிரமிபெக்சோலை வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினோம். லெவோடோபாவைக் கூட்டினோம். நடுக்கம் பழையபடி இல்லாவிட்டாலும் ஓரளவு திரும்பி வந்தது. சம்மதமா என்று முன்னாடியே கேட்டிருந்தேன். "கை ஆடட்டும்பா, குடும்பம் ஆடக்கூடாது" என்றார்.

பாயிலும் ஒரு பஞ்சாயத்து நடந்தது. இரண்டு பேர் பாய்க்கு வெளியே அவருக்கு ரகசியமாகக் கைமாத்து கொடுத்திருந்தது தெரியவந்தது. தோப்புக்கு வெளியே கொடுத்தால் விதியில் வராது என்று வாதாடினார்கள். வாத்தியார் விடவில்லை, இரண்டு பேருக்கும் ஒரு மாதம் ஆட்டம் கிடையாது. பெரியப்பாவைத் தள்ளி வைக்கவில்லை. கணக்கு எழுத உட்கார வைத்தார்கள்.

நீங்க செய்ய வேண்டியது. வீட்டில் யாராவது பார்கின்சனுக்கோ, ராத்திரி கால் குடைச்சலுக்கோ பிரமிபெக்சோல், ரோபினிரோல் எடுத்தால், புதுசாகச் சூது, கண்டபடி செலவு, நடுராத்திரித் தீனி இருக்கிறதா என்று பாருங்க. மனநலத்துக்குக் கொடுக்கிற அரிப்பிப்ரசோல் மாத்திரைக்கும் 2016-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதே எச்சரிக்கை கொடுத்தது. வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்க. அவர் கேட்க மாட்டார், நானே கேட்கவில்லை. ஆனால் நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீங்க, திடீரென நிறுத்தினால் வேறு தொந்தரவுகள் வரும். மாத்திரை எதுவும் இல்லாமலே ஆட்டத்திலிருந்து எழமுடியவில்லை என்றால் அதுவும் நோய்தான், உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலேயே இருக்கிறது. டெலி மானஸ் எண் 14416, இலவசம், தமிழில் பேசலாம்.

தம்பி, உங்க லீக்குக்கு ஒரு நோட்டு வாங்கு. யாராவது ஒருத்தர் ஒழுங்காக எழுதுங்க.

இந்தக் காணும் பொங்கலுக்குப் பெரியப்பா மறுபடி ஆட உட்கார்ந்தார். சீட்டு போடுவது மட்டும் அவருக்குப் பதிலாகப் பக்கத்தில் இருப்பவர். முதல் கை. எடுத்துப் பிரித்தார், நடுங்குகிற கையோடு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மாற்றிப் பார்த்தார். கவிழ்த்து வைத்தார்.

"ஸ்கூட்."

வாத்தியார் 20 என்று எழுதினார். எழுதிவிட்டு நோட்டை என் பக்கம் லேசாகத் திருப்பினார்.

"அங்க இன்னா நோட்டப் பாக்குற? ஆட்டத்தப் பாரு" என்றார் பெரியப்பா. அன்றைக்கு முதலில் வெளியே போனது நான்தான். தூக்கை எடுத்துக்கொண்டு டீக்கடைக்கு நடந்தேன்.

(அவர் சம்மதத்தோடு எழுதினது. அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)