சிடன்ஹாம் சத்திரம்

லண்டன் மாநகரத்துக்குப் போகிறவர்கள் அரண்மனையைப் பார்ப்பார்கள். பொருட்காட்சி சாலையைப் பார்ப்பார்கள். தேம்ஸ் நதிப் பாலத்தில் நின்று படம் பிடித்துக்கொள்வார்கள். மரணப் படுக்கையில் உள்ளவர்களுக்கென்று கட்டிய ஒரு வீட்டைப் பார்க்க வேண்டுமென்று எவரும் புறப்படுவதில்லை. நாம் அதற்கென்றே ஒரு நாளை ஒதுக்கினோம். விக்டோரியா ஸ்டேஷனில் ரயிலேறி, நகரத்தின் தென்கிழக்கே பெஞ்ச் ஈஸ்ட் என்னும் ஸ்டேஷனில் இறங்கினோம். அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் சிடன்ஹாமில் லாரி பார்க் சாலை வருகிறது. அருகிலுள்ள குன்றின் மேல்தான் முன்னொரு காலத்தில் உலகப் புகழ் பெற்ற கண்ணாடி மாளிகை நின்றது. அது 1936-இல் தீக்கிரையாயிற்று. நாம் தேடிச் சென்றதோ ஒரே ஒரு கண்ணாடி ஜன்னலை!

அந்த ஜன்னல் உள்ள இடத்துக்குச் செயின்ட் கிறிஸ்டபர் ஹாஸ்பிஸ் என்று பெயர். ஹாஸ்பிஸ் என்றால் பழங்காலத்தில் வழிப்போக்கர் இளைப்பாறும் சத்திரம். கிறிஸ்டபரோ பிரயாணிகளுக்குத் துணை நிற்பவர் என்று கிறிஸ்தவர்கள் போற்றும் மகான். பெயரிலேயே கருத்து அடங்கியிருக்கிறது அல்லவா?

இதை நிறுவியவர் ஸிஸிலி ஸாண்டர்ஸ் அம்மையார். முதலில் தாதியாக இருந்தார். முதுகு வலியினால் அவ்வேலையை விட்டு, ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் குடும்பக் கஷ்டங்களை விசாரிக்கும் உத்தியோகத்தில் அமர்ந்தார். அங்கே டேவிட் டாஸ்மா என்ற நோயாளியைச் சந்தித்தார். வார்ஸா நகரத்திலிருந்து வந்த யூதர், ஹோட்டலில் பரிமாறிப் பிழைத்தவர், புற்றுநோய்க்கு இலக்கானவர், உற்றார் உறவினர் அருகில் இல்லாதவர். இப்படிப்பட்டவர்கள் நிம்மதியாகக் கண்மூட ஓர் இடம் வேண்டுமென்று இருவரும் பேசிப் பேசிக் கனவு கண்டார்கள். 1948-இல் அவர் காலமானபோது, அவ்வாறு ஒரு வீடு எழும்பினால் அதில் தாம் ஒரு ஜன்னலாக இருக்க வேண்டுமென்று சொல்லி, ஐந்நூறு பவுனை அம்மையாருக்கு விட்டுச் சென்றார். ஜன்னலைச் சுற்றி வீடு கட்டி முடிக்கப் பத்தொன்பது ஆண்டுகள் ஆயின. 1967-இல் கதவு திறந்தது. வாசற்புறத்திலுள்ள அந்த ஜன்னலில் சித்திர வேலை ஒன்றுமில்லை, வெறும் கண்ணாடிதான்.

இடைப்பட்ட காலத்தில் அம்மையார் சும்மா இருக்கவில்லை. வைத்தியரானாலன்றித் தம் சொல் எடுபடாதென்று உணர்ந்து, மறுபடியும் மாணவியாகி, முப்பத்தெட்டாம் வயதில் டாக்டர் பட்டம் பெற்றார். அக்காலத்து வைத்தியர்கள், நோயாளி வலி பொறுக்க முடியாமல் அலறிய பிறகே மார்பின் மருந்தைக் கொடுப்பார்கள். பழக்கமாகிவிடும் என்ற பயம். அம்மையார் ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளைக் கவனித்துக் குறிப்பெழுதினார். வலி வருமுன்னே, வேளை தவறாமல், அளவறிந்து கொடுத்தால் நோயாளி மயங்கிக் கிடப்பதுமில்லை, மருந்துக்கு அடிமையாவதுமில்லை என்று நிரூபித்தார். வலி அடங்கியவன் பேசுகிறான். மகளின் கடிதத்தைப் படிக்கச் சொல்கிறான். நெடுநாள் பகையாயிருந்த தம்பியை அழைத்து வரச் சொல்கிறான். உடல் நோவோடு மனத்தின் நோவு, குடும்பக் கவலை, ஆத்மாவின் தவிப்பு எல்லாம் சேர்ந்ததே முழு வலி என்பது அம்மையாரின் சித்தாந்தம்.

“பெற்றவர்களை அந்நிய இடத்தில் விடுவதா?” என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் 1969 முதலே இங்குள்ள தாதிகள் நோயாளிகளின் வீடு தேடிப் போகிறார்கள். வீட்டில் முடியாதபோதுதான் படுக்கை. நோயாளியிடம் காசு வாங்குவதில்லை. சர்க்கார் ஒரு பங்கு கொடுக்க, மற்றதை ஜனங்களின் நன்கொடை ஈடுசெய்கிறது. அம்மையாரும் 2005-இல் தாம் கட்டிய இந்தச் சத்திரத்திலேயே தம் பிரயாணத்தை முடித்தார்.

திரும்பும் ரயிலில் நமது தேசத்தை நினைத்தோம். பம்பாய் பாந்த்ராவில் 1986-இல் சாந்தி அவேத்னா ஸதன் தோன்றியது. 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய முயற்சி கேரளமெங்கும் பரவி, அண்டை அயலாரையே தொண்டர்களாக்கியது. இவை நமக்குப் பெருமை. ஆனால் வெட்கமும் உண்டு. மார்பினுக்கு மூலமான அபினி, மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் சர்க்கார் அனுமதியோடு விளைகிறது. நெடுங்காலமாகக் கப்பலேறி அயல்நாடுகளின் வலியைத் தீர்த்திருக்கிறது. 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கெடுபிடியால் நம் ஆஸ்பத்திரிகள் பல அம்மருந்தை வாங்குவதையே நிறுத்திவிட்டன. 2014-இல் சட்டம் தளர்ந்தது. பயம் இன்னும் முற்றும் தளரவில்லை.

“இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை” என்று வைத்தியர் கைவிரிக்கும்போது நாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்துவிடுகிறோம். அப்படி வரலாகாது. “வலிக்கு என்ன செய்யப் போகிறீர்கள்?” என்று ஒரு கேள்வி கேட்க வேண்டும். வீட்டுக்கு வீடு அந்தக் கேள்வி எழுந்தால், நம் மண்ணில் விளையும் மருந்து நம்மவர் படுக்கையருகே வந்து சேராமற் போகாது.