பத்து கிராம் பிழை

ஆழ்வார்திருநகரி வழியாக நெல்லைக்கும் திருச்செந்தூருக்கும் போகிற கார்களில் பழைய மாருதி 800 ஒன்றாவது கண்ணில் படும். புகை தள்ள ஆரம்பித்தால் இன்ஜினை இறக்கி, போர் பண்ணி, புது பிஸ்டன், ரிங், பேரிங் போட்டு மாட்டிவிடுவார்கள். வண்டியும் ஓடும். அப்புறம் எதற்கு பேலன்சிங், புளூபிரிண்டிங் எல்லாம்?

ஒரு சின்னக் கணக்கு. 796 சிசி, மூன்று சிலிண்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 72 மில்லிமீட்டர். ஒரு பிஸ்டன் மட்டும் 10 கிராம் கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 3000 சுற்றில் அந்த 10 கிராம் மூன்றரை கிலோ போல இழுக்கும். 6000 சுற்றில்? ஏழு கிலோ இல்லை, பதினான்கு கிலோ! வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. அந்த அடியை வாங்குவது பேரிங்தான்.

அதனால் பிஸ்டன்களை எடை போட்டு, கனமானதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, லேசானதற்குச் சமமாக்குவார்கள். கனெக்டிங் ராடை மட்டும் இரண்டு முனையையும் தனித்தனியாக எடை போட வேண்டும். ஏன்?

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது புதிதில்லை. இருப்பாய்வு டாலி ஆகிவிட்டால் தப்பே இல்லை என்று அர்த்தமா? ஓரிடத்தில் நூறு கூட, இன்னோரிடத்தில் நூறு குறைவு என்றாலும் டாலி ஆகும். ஈடுசெய் பிழை! ராடும் அப்படித்தான். மொத்த எடை சரியாக இருக்கும், ஆனால் கிராங்கோடு சுழலும் முனை ஐந்து கிராம் கூட, பிஸ்டனோடு ஏறி இறங்கும் முனை ஐந்து கிராம் குறைவாக இருக்கும்.

புளூபிரிண்டிங் என்பதும் தணிக்கை மாதிரிதான். ஒவ்வொரு அளவும் இவ்வளவு கூடலாம், குறையலாம் என்று கம்பெனி ஓர் எல்லை வைக்கிறது. அந்த எல்லைக்குள் எங்கோ இருந்தால் போதாது, வரைபடத்தில் உள்ள சரியான அளவுக்கே கொண்டுவர வேண்டும். போர், பேரிங் இடைவெளி, ஹெட்டில் ஒவ்வொரு அறையின் கொள்ளளவு என எல்லாவற்றையும் அளந்து சமப்படுத்துவார்கள்.

கோவை கரிவரதன் இதே 800 இன்ஜினை வைத்து 1980-களில் ஃபார்முலா மாருதி பந்தயக் காரை உருவாக்கினார். 2005-இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் ஆரம்பத்தில் ஓட்டிய கார்களில் அதுவும் ஒன்று. எல்லோருக்கும் ஒரே இன்ஜின் என்கிற பந்தயத்தில் கவனமாகக் கோர்த்த இன்ஜினுக்கு மதிப்பு அதிகம்.

ஊருக்குள் ஓடும் காருக்கு அத்தனையும் செய்தால் போட்ட காசு திரும்பாது. ஆனால் அளப்பதற்குப் பெரிய செலவில்லை. ஒரு டிஜிட்டல் தராசு, ஒரு மைக்ரோமீட்டர், அரை நாள் பொறுமை. இன்ஜினை மாட்டிய பிறகு அந்தப் பத்து கிராமைத் தேட முடியாது.