நாற்பது ரிங்கிட் பெயர்

2007ஆம் ஆண்டில் நான் ஐந்து பெயர்களுக்கு உரிமையாளன் ஆனேன். ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக் கட்டணம் 40 ரிங்கிட்.

அகப்பக்கத்தைத் திறக்க நாம் தட்டச்சு செய்யும் முகவரியைக் களப்பெயர் என்பார்கள். 'டாட் காம்' என முடியும் முதல் களப்பெயர் 1985ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள் அமெரிக்காவில் பதிவானது. 1995 வரை பதிவுக்குக் கட்டணமே இல்லை. ஒரு பெயர் ஒருவருக்குத்தான். முந்தியவருக்கே அது கிடைக்கும். 1999இல் 'பிசினஸ் டாட் காம்' என்ற பெயர் 7.5 மில்லியன் அமெரிக்க டாலருக்கு விலைபோனது. அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து எனக்கும் ஆசை.

நான் வாங்கியவற்றுள் நான்கு, ஆங்கில எழுத்துகளில் எழுதிய பொதுவான தமிழ்ச் சொற்கள். ஐந்தாவது, எங்கள் ஊரில் மூன்று தலைமுறைகளாக நடந்துவரும் மசாலைத்தூள் ஆலையின் பெயர். 'டாட் காம் டாட் எம்.ஒய்' என்று முடியும் பெயருக்கு அப்போது வணிகப் பதிவைக் காட்ட வேண்டியிருந்தது. 'டாட் காம்' பெயருக்கு அப்படி யாரும் எதையும் கேட்பதில்லை.

இது சரிதானா என்ற உறுத்தல் இருந்தது. 1994இல் அமெரிக்கச் செய்தியாளர் ஒருவர் மெக்டொனால்ட்ஸ் நிறுவனத்தின் பெயரைத் தாமே பதிவு செய்துகொண்ட கதையை எண்ணி மனத்தைத் தேற்றிக்கொண்டேன். பெயரைத் திருப்பித் தருவதற்கு ஈடாக, ஒரு பள்ளிக்கு இணைய வசதி செய்து தருமாறு அவர் கேட்டார். நிறுவனமும் 3,500 டாலர் கொடுத்தது. அந்தப் பணம் பள்ளிக்குத்தான் போனது என்பதை மட்டும் வசதியாக மறந்துவிட்டேன்.

சில மாதங்களில் ஆலைக்காரரின் மகன் தொலைபேசியில் அழைத்தான்.

"அண்ணே, எங்க கடைப் பேரு உங்ககிட்டயா இருக்கு?"

"ஆமாம். 2,000 ரிங்கிட் கொடுத்தால் மாற்றித் தருகிறேன்."

அவன் பதில் சொல்லாமல் வைத்துவிட்டான்.

அந்தத் தொகையை நான் கணக்குப் போட்டுத்தான் சொன்னேன். பிறருடைய வணிகப் பெயரைக் கெட்ட நோக்கத்தோடு பதிவு செய்தால் முறையிட 1999 முதல் ஒரு வழி உண்டு. ஜெனீவாவில் உள்ள உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பிடம் அதற்குக் கட்டணம் 1,500 அமெரிக்க டாலர், அப்போது ஏறக்குறைய 5,000 ரிங்கிட். அதைவிடக் குறைவாகக் கேட்டால் சிறு வணிகர் கொடுத்துவிடுவார் என்பதே என் கணக்கு. இன்று எழுதும்போதும் கை கூசுகிறது.

தீபாவளிக்கு முதல் வாரம் ஆலைக்காரரே எங்கள் வீட்டுக்கு வந்தார். வழக்கம்போல் அம்மாவுக்கு இரண்டு பொட்டலம் மீன்குழம்புத் தூள் கொண்டுவந்திருந்தார். சட்டையில் மல்லி வாசம். பணத்தைப் பற்றிப் பேசவே இல்லை. தேநீரைக் குடித்து முடித்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, அது எங்க தாத்தா வச்ச பேரு. நீ அதை என்ன வெலைக்கு வாங்குனே?"

"நாற்பது ரிங்கிட், மாமா."

அவர் சட்டைப் பையிலிருந்து ஐம்பது ரிங்கிட் நோட்டு ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். என்னிடம் சில்லறை இல்லை. அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அப்போதுதான் விஷயம் புரிந்திருக்க வேண்டும்.

அன்றிரவே பெயரின் பூட்டைத் திறந்து, மாற்றுவதற்கான குறியீட்டை அவர் மகனுக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். ஒரு வாரத்தில் பெயர் அவர்கள் கைக்குப் போயிற்று. மற்ற நான்கையும் யாரும் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு கட்டணம் செலுத்தாமல் விட்டேன், அவையும் போயின.

ஆலையின் அகப்பக்கம் இன்றும் அந்தப் பெயரில்தான் இருக்கிறது. மீதிப் பத்து ரிங்கிட்டைக் கொடுக்க இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் அவர் அதை வாங்காமல், கையில் ஒரு பொட்டலம் தூளைக் கொடுத்து அனுப்பிவிட்டார்.