பிள்ளை பெருத்தால் வலி கூடுமா?

ஏழாம் மாதம் தாண்டிவிட்டால் கர்ப்பிணியின் தட்டின்மேல் வீட்டில் எல்லோருக்கும் ஒரு கண் வந்துவிடுகிறது. இரண்டு உயிருக்குச் சேர்த்துச் சாப்பிடு என்று காலையில் சொன்ன அதே வாய், "இன்னொரு கரண்டி வேண்டாம், பிள்ளை பெருத்துட்டா பெத்தெடுக்க நீதான் படணும்" என்று ராத்திரி சொல்கிறது. சுகாதார நிலையத்தில் கொடுத்த இரும்புச் சத்து மாத்திரை, பிள்ளையைப் பெருக்க வைத்துவிடும் என்ற பயத்தில் அலமாரியிலேயே கிடக்கிறது. இது ஏதோ ஒரு வீட்டுப் பேச்சு அல்ல. மார்க் நிக்டர், மிமி நிக்டர் என்ற மானுடவியலாளர்கள் தென் கன்னட மாவட்டத்தில் கர்ப்பிணிகளின் உணவுப் பழக்கத்தை ஆராய்ந்து 1983-இல் எழுதியபோது, பிள்ளை சிறிதாக இருந்தால் பிரசவம் எளிது என்று நம்பிப் பெண்கள் குறைத்துச் சாப்பிடுவதைப் பதிவு செய்தார்கள். ஸ்கேன் வந்த பிறகு இந்தப் பயத்துக்கு ஓர் எண்ணும் கிடைத்திருக்கிறது. "மூன்றரைக் கிலோ காட்டுது" என்று ஒருவர் சொன்னால் போதும், அன்றிலிருந்து அந்தப் பெண்ணுக்குத் தூக்கம் போய்விடும். இந்த நம்பிக்கையில் சிறு பங்கு உண்மை உண்டு; பெரும்பங்கு தவறு. அந்தத் தவறுக்குத் தாயும் பிள்ளையும் கொடுக்கிற விலை மிக அதிகம் என்பதால்தான் இதை விரித்து எழுதுகிறேன்.

வலி எங்கிருந்து பிறக்கிறது என்று பார்த்தாலே பாதிக் குழப்பம் தீரும். பிரசவ அறையில் செவிலியர் கர்ப்பிணியின் வயிற்றில் உள்ளங்கையை வைத்து, கடிகாரத்தைப் பார்த்தபடி பத்து நிமிடம் நிற்பார். வயிறு மெல்ல இறுகத் தொடங்கும், விரலால் அழுத்தினாலும் அமுங்காத அளவுக்குக் கெட்டியாகும், பிறகு தளரும். வலி நன்றாகப் பிடித்த பின் பத்து நிமிடத்தில் இப்படி மூன்று நான்கு தடவை வரும், ஒவ்வொன்றும் முக்கால் நிமிடம், ஒரு நிமிடம் நிற்கும். இறுகும்போது கட்டில் கம்பியைப் பற்றிக்கொண்டு கதறியவள், தளர்ந்த மறுகணம் குடிக்கத் தண்ணீர் கேட்கிறாள். பிள்ளை அதே இடத்தில், அதே எடையில்தான் இருக்கிறது. மாறியது கருப்பைத் தசையின் இறுக்கம் மட்டுமே. தசை இறுகும்போது அதற்குள் ஓடும் ரத்தக் குழாய்கள் நசுங்கி ரத்த ஓட்டம் குறைகிறது. கூடவே கருப்பை வாய் இழுபட்டுத் திறக்கிறது. இரண்டின் சேதியும் முதுகுத்தண்டில் மார்புப் பகுதியின் கடைசி நரம்புகள், இடுப்புப் பகுதியின் முதல் நரம்பு வழியே போவதால்தான் அடிவயிற்றிலும் இடுப்பைச் சுற்றியும் வலிக்கிறது. கருப்பை வாய் முழுதாகத் திறப்பது என்றால் 10 சென்டிமீட்டர். நிறைமாதப் பிள்ளை இரண்டரைக் கிலோ ஆனாலும் நான்கு கிலோ ஆனாலும் பிரசவ அறையில் கணக்கு அதுதான். தலைப்பிரசவத்தில் மணிக்கணக்காக நீள்வதும், பெண்கள் பிற்பாடு நினைத்து நினைத்துச் சொல்வதும் பெரும்பாலும் இந்தக் கட்டத்தின் வலிதான்.

பிள்ளையே இல்லாதபோதும் இதே தசை இதே மாதிரி வலியைத் தருகிறது. மாதவிலக்கின் முதல் நாளில் சுருண்டு படுக்கும் பெண்ணுக்கு வலி தருவது கருப்பையின் சுருக்கம். பிள்ளை பிறந்து, நஞ்சும் விழுந்த பிறகு, பால் கொடுக்கும் நேரத்தில் அடிவயிற்றைப் பிசைந்தெடுக்கும் வலியும் அதுவே. இரண்டாவது, மூன்றாவது பிள்ளை பெற்றவர்களுக்கு அது இன்னும் கூடுதல். ஐந்தாம் மாதத்தில் கரு தங்காமல் போகும் பெண்ணின் வயிற்றில் இருப்பது அரைக் கிலோகூட எட்டாத சிசு. அவளும் கடும் வலியோடுதான் அதைப் பெறுகிறாள். சின்னதுதானே, வலிக்காது என்று யாரும் அவளிடம் சொல்லிவிடக் கூடாது. வலிக்கு மருந்து கேட்க அவளுக்கு முழு உரிமை உண்டு. இதற்கு எதிர்ப்பக்கம் இரண்டாவது பிரசவம் இருக்கிறது. இரண்டாவது பிள்ளை சராசரியில் தலைப்பிள்ளையைவிட எடை கூடுதலாகப் பிறக்கிறது. ஆனால் இரண்டாவது பிரசவம் பொதுவாகச் சீக்கிரம் முடிகிறது, வலியும் குறைவு. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் மெல்சாக் 1975-இல் வலியை அளக்க ஒரு வினாத்தாள் உருவாக்கினார். அதைப் பிரசவ வலியில் இருந்த பெண்களிடம் அவரும் கூட்டாளிகளும் கொடுத்துப் பார்த்தபோது, தலைப்பிரசவக்காரர்களின் சராசரி வலி மற்றவர்களைவிடத் தெளிவாக அதிகம். எடைதான் காரணம் என்றால் முடிவு தலைகீழாக அல்லவா வந்திருக்க வேண்டும்?

எடை கூடினால் தலையும் பெருக்கும், தலைதானே வெளியே வர வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. புனேயைச் சுற்றிய கிராமங்களில் டாக்டர் யாஜ்னிக் குழுவினர் அளந்த பிள்ளைகள் சராசரியாக 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பிள்ளைகள் 3.5 கிலோ. எடையில் 800 கிராம் வித்தியாசம். தலையின் சுற்றளவிலோ ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர்தான். அதைக் குறுக்களவாக மாற்றினால் ஒரு சென்டிமீட்டர்கூட வராது. கூடுகிற எடையில் பெரும்பகுதி தோளிலும் உடம்பிலும் தசையாகவும் கொழுப்பாகவும் ஏறுகிறது. இப்போது அதே பிள்ளை தலையை எப்படி வைத்திருக்கிறது என்று பாருங்கள். தாடை நெஞ்சோடு ஒட்ட, தலை குனிந்து இறங்கினால் பாதையில் வரும் அளவு சுமார் 9.5 சென்டிமீட்டர். தலை நிமிர்ந்தபடி வந்தால் அதே தலை 11.5 சென்டிமீட்டராக முட்டுகிறது. 800 கிராம் எடை செய்யாத மாற்றத்தை ஒரு சிறு குனிவு செய்துவிடுகிறது. பின்மண்டை தாயின் முதுகெலும்பைப் பார்த்தபடி பிள்ளை கிடந்தால், எடை குறைவாக இருந்தாலும் பிரசவம் நீளும், இடுப்பு விட்டுப் போகிற மாதிரி வலிக்கும். போதாததற்குப் பிள்ளையின் மண்டை ஓடு ஒரே எலும்பு அல்ல. தட்டுத் தட்டான எலும்புகள், நடுவில் மென்மையான இடைவெளிகள். உச்சிக்குழியைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இறங்கும்போது அந்தத் தட்டுகளின் விளிம்பு ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தலை நீண்டு ஒடுங்குகிறது. பிறந்த அன்று நீளமாகத் தெரிந்த தலை சில நாட்களில் உருண்டையாகிவிடுவதைப் பாட்டிமார் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார்கள்.

பிள்ளையைச் சிறுக்க வைக்கும் யோசனை பாட்டிமாரோடு நின்றதும் இல்லை. ஜெர்மனியில் லுட்விக் ப்ரோகோவ்னிக் என்ற மருத்துவர் 1889-இல், கடைசி வாரங்களில் மாவுப்பொருளையும் நீரையும் குறைக்கும் பத்தியம் ஒன்றை எழுதினார். எலும்பு நோயால் இடுப்பெலும்பு குறுகிப்போன பெண்களுக்காக, சிசேரியன் உயிருக்கே ஆபத்தாக இருந்த காலத்தில், அவர் அதைச் செய்தார். அந்தக் காரணம் மறைந்த பிறகும் கர்ப்பிணியின் எடையைக் கட்டிப்போடும் வழக்கம் மேற்கு நாடுகளில் வெகுகாலம் நீடித்தது. அமெரிக்காவில் 1970-இல் வந்த அறிவியல் குழு அறிக்கைதான் அதைக் கைவிடச் சொன்னது. நேர் எதிரான சோதனை காம்பியாவில் நடந்தது. அங்கே 28 கிராமங்களில் கர்ப்பிணிகளுக்கு நிலக்கடலை சேர்த்த சத்து பிஸ்கட் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 1997-இல் வெளியானது. பிள்ளைகளின் எடை சராசரியாக 136 கிராம் கூடியது. தலைச் சுற்றளவு கூடியது மூன்று மில்லிமீட்டர், அதாவது குறுக்களவில் ஒரு மில்லிமீட்டர். பிறக்கும்போதே இறப்பதும் முதல் வாரத்தில் இறப்பதும் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன. ஒரு மில்லிமீட்டருக்குப் பயந்து சோற்றைக் குறைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒரு தடவை நினைத்துப் பார்க்க வேண்டும்.

உண்மையின் அந்தச் சிறு பங்குக்கு வருகிறேன். கருப்பை வாய் முழுதும் திறந்து, முக்கிப் பிள்ளையை வெளியே தள்ளும் கட்டத்தில் வலியின் இடமும் குணமும் மாறுகின்றன. இப்போது இழுபடுவது பிறப்புப் பாதையும் அதன் வாயிலில் உள்ள சதையும். எரிச்சலாக, கிழிவதுபோல, இன்ன இடம் என்று கைகாட்டக்கூடிய வலி. இங்கே அளவு பேசுகிறது. நான்கு கிலோவைத் தாண்டிய பிள்ளைக்கு முக்கும் நேரம் நீளலாம், ஆழமாகக் கிழிந்து தையல் போட நேரலாம், தலை வந்த பிறகு தோள் சிக்கிக்கொள்ளும் ஆபத்தும் கூடுகிறது. சர்க்கரை கட்டுப்படாத தாயின் பிள்ளைக்குத் தோளும் உடம்பும் தலையைவிட அதிகமாகப் பருப்பதால் அந்த ஆபத்து இன்னும் அதிகம். இதை யாரும் மறைக்கக் கூடாது. ஆனால் இது ஆபத்தைப் பற்றிய கணக்கு. மருத்துவர் முன்கூட்டியே திட்டமிட வேண்டிய விஷயம். முழுப் பிரசவத்தின் வலியையும் எடையை வைத்துச் சொல்லிவிட இது இடம் தராது. தாய் சின்ன உருவமாக இருந்தால் என்ன செய்வது என்பதும் சரியான கவலையே. 145 சென்டிமீட்டருக்கும் குள்ளமான தாய்க்குச் சாதாரணப் பிள்ளையே இடுப்பில் சிக்கலாம். அங்கேயும் முடிவு செய்வது தலை இறங்குகிறதா, கருப்பை வாய் திறந்துகொண்டு போகிறதா என்பதுதான். அது வலி வந்த பிறகே தெரியும். பெரிய பிள்ளை பெற்று மிகவும் துன்பப்பட்டேன் என்று சொல்லும் தாயின் வார்த்தையை நான் சந்தேகிக்கவில்லை. அவளுக்கு ட்ரிப்ஸ் போட்டு வலியை முடுக்கினார்களா, பிள்ளை எந்தப் பக்கம் திரும்பியிருந்தது, எத்தனை மணி நேரம் மல்லாக்கப் படுக்க வைத்தார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்டால், பழியில் பெரும்பங்கு எடையின் தலையில் விழாது.

ஸ்கேனில் வரும் எடை ஓர் ஊகம். நிறைமாதத்தில் அது பத்து, பதினைந்து சதவீதம் முன்பின்னாக இருப்பது சகஜம். திரையில் மூன்றரைக் கிலோ என்று தெரிந்த பிள்ளை மூன்று கிலோவாகவும் பிறக்கலாம், நான்காகவும் பிறக்கலாம். இஸ்ரேலில் 2008-இல் வெளியான ஓர் ஆய்வு, நான்கு கிலோவுக்கு மேல் பிறந்த பிள்ளைகளை இரண்டு பிரிவாக ஒப்பிட்டது. பெரிய பிள்ளை என்று மருத்துவர்கள் முன்பே சந்தேகித்தவர்களில் சிசேரியன் மிக அதிகம். சந்தேகிக்காதவர்களில் மிகக் குறைவு. பிள்ளையின் எடை இரு பிரிவிலும் பெரிது. கத்தியைக் கூப்பிட்டது சந்தேகம். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 63.8. இதில் தேவையானவை பல உண்டு, அவை உயிர் காத்தவை. வலிக்குப் பயந்து, பிள்ளை பெரிது என்ற ஒற்றை வாக்கியத்தில் முடிவானவை எவ்வளவு என்பதை ஒவ்வொரு மருத்துவமனையும் தன் பதிவேட்டைத் திறந்து பார்க்க வேண்டும்.

பயம் வெறும் மன விஷயம் என்று ஒதுக்கிவிட முடியாது. நார்வேயில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்து 2012-இல் வந்த ஆய்வில், பிரசவத்தை நினைத்து மிகவும் பயந்த பெண்களுக்கு மற்றவர்களைவிடப் பிரசவம் நீண்டது. மற்றக் காரணங்களைக் கழித்த பிறகும் 47 நிமிட வித்தியாசம் நின்றது. பிள்ளை பெருத்துவிட்டது என்று மாதக்கணக்கில் பயமுறுத்தி அனுப்பும் வீடு, அந்தப் பெண்ணின் வலி நேரத்தைத் தானே கூட்டிவிடக்கூடும். குறைக்கும் வழிகளும் தெரிந்தவைதான். கருப்பை வாய் திறக்கும் முதல் கட்டத்தில் எழுந்து நடந்தால், உட்கார்ந்தால், படுத்தே கிடப்பதைவிட அந்தக் கட்டம் ஒரு மணி நேரத்துக்கும் மேல் குறைகிறது என்று, பல மருத்துவச் சோதனைகளைச் சேர்த்து ஆராயும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு சொல்கிறது. பக்கத்தில் ஒருவர் விடாமல் துணை நின்றால் என்ன ஆகிறது என்று 26 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது 2017-இல் வந்த இன்னொரு தொகுப்பு: பிரசவ நேரம் குறைகிறது, வலி மருந்தின் தேவை குறைகிறது, சிசேரியன் குறைகிறது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணைக்கு ஒரு பெண்ணை அனுமதிக்கும் திட்டம் 2004-லேயே வந்தது. எழுத்தில் இருக்கும் அந்த அனுமதியை எல்லா பிரசவ அறைகளிலும் நடைமுறையில் பார்க்க வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் தாங்க முடியாத வலிக்கு, முதுகில் மருந்து செலுத்தி மரக்கச் செய்யும் எபிடியூரல் இருக்கிறது. அதைக் கேட்கும் பெண்ணைப் பலவீனமானவள் என்று பேசுவது கொடுமை.

கர்ப்பிணி இருக்கும் வீட்டாருக்கு என் வேண்டுகோள் இதுதான். அவள் பசிக்குச் சாப்பிடட்டும், இரும்புச் சத்து மாத்திரையைத் தினமும் கையில் எடுத்துக் கொடுங்கள். சர்க்கரைப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். சர்க்கரை இருந்தால் எதைக் குறைப்பது என்று மருத்துவர் சொல்லட்டும், அக்கம்பக்கத்தார் சொல்ல வேண்டாம். வலி எடுத்தால் பிரசவ அறைக்குள் அவளோடு யார் போவது, அம்மாவா, அக்காவா, மாமியாரா என்பதை அவளிடமே கேட்டு வளைகாப்பு முடிந்த கையோடு முடிவு செய்யுங்கள். துணைக்கு ஆள் விடுவீர்களா என்று மருத்துவமனையிலும் அப்போதே கேட்டுவிடுங்கள்.