ஒரு நாள் கூலி

போன பங்குனி மாசம் திண்டிவனத்தில் ஒரு கல்யாணத்தை முடித்துக்கொண்டு, விழுப்புரத்தில் இருக்கிற அக்கா வீட்டுக்குப் போவதற்காக நானும் என் மகளும் பஸ் ஏறினோம். கூட்டேரிப்பட்டு தாண்டினதும் டிரைவர் பாட்டுப் போட்டார். 1976இல் வந்த 'அன்னக்கிளி' படத்துப் பாட்டு. எஸ். ஜானகி குரல். காதில் விழுந்ததும் என் உள்ளங்கால் கூசியது. கிளறித் தண்ணி தெளிச்ச மண்ணுல வெறுங்காலோட நிக்கற மாதிரி ஒரு கூச்சம்.

"இன்னாப்பா, ஒரு மாதிரி ஆயிட்ட?" என்று மகள் கேட்டாள்.

"சடுகுடு" என்றேன்.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அந்தப் பாட்டுக்கும் சடுகுடுவுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. எங்களுக்கு மட்டும்தான் இருந்தது. அதைப் பஸ்ஸிலேயே அவளுக்குச் சொல்ல ஆரம்பித்தேன். சொல்லிக்கொண்டு வந்ததையும், அக்கா வீட்டுக்குப் போன பிறகு கேட்டதையும் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் காலனி விக்கிரவாண்டிக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் இருக்கிறது. அப்போது தென்னாற்காடு மாவட்டம். 1993இல்தான் விழுப்புரம் தனி மாவட்டமானது. பொங்கல் முடிந்த கையோடு காலனியில் பந்தயம் நடக்கும். மைக்செட்காரர் பனைமரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி முதல் தட்டாக அந்தப் பாட்டைத்தான் போடுவார். சாமிப் பாட்டுப் போட எங்களுக்குக் கோயில் கிடையாது. அந்தப் பாட்டு கேட்டால் ஆட்டம் ஆரம்பம் என்று சுத்துப்பட்டுக் காலனிக்கெல்லாம் தெரியும். கரும்பு வெட்டிக்கொண்டிருந்தவன் கொடுவாளைப் போட்டுவிட்டு ஓடி வருவான். சைக்கிளில் மூன்று பேர் நாலு பேராக வருவார்கள்.

மைதானம் என்று ஒன்று இல்லை. அறுப்பு முடிந்த புறம்போக்கு நிலம். அடிக்கட்டையைப் பிடுங்கி, மண்ணைக் கொத்தி, கல் பொறுக்கி, அடுப்புச் சாம்பலால் கோடு போடுவோம். பக்கத்துக்கு 7 பேர். இன்றைக்குச் சட்டப்படி 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம் என்கிறார்கள். நாங்கள் காலடியால் அளந்தோம்.

சடுகுடுவில் எதிராளி பக்கம் ஏறிப் போவதற்குப் பேரே பாட்டுதான். "யாரு பாட்டு?", "பாடிக்கினு போடா" என்போம். பாடுகிறவரைக்கும்தான் உயிர். மூச்சு விட்டால் அவுட். எங்கள் ஆட்டத்தில் கடிகாரம் கிடையாது, மூச்சுதான் கடிகாரம். ஒவ்வொருத்தனுக்கும் சொந்தமாக ஒரு பாட்டு இருந்தது. பாட்டன் பேரைச் சொல்லிப் பாடுகிறவன், எதிர் அணியைக் கிண்டல் பண்ணிப் பாடுகிறவன், எறவெட்டிப் பாட்டை வேகமாக ஓட்டிப் பாடுகிறவன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் யார் ஏறிப் போகிறான் என்று சொல்லிவிடலாம். பிறகு எல்லாரும் 'கபடி கபடி' என்று ஒரே சொல்லைத்தான் சொல்ல வேண்டும் என்ற சட்டம் எங்கள் மண்ணுக்கும் வந்தது. 1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் கபடியைச் சேர்த்தார்கள், இந்தியா தங்கம் வாங்கியது. நல்லதுதான். 2014இல் புரோ கபடி வந்தபோது ஒரு பாட்டுக்கு 30 விநாடி, காலில் ஷூ, மண்ணுக்குப் பதில் மேட். அந்த முதல் ஏலத்தில் ராகேஷ் குமார் என்ற ஆட்டக்காரர் 12 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய்க்குப் போனார். எங்கள் பந்தயத்தில் முதல் பரிசு ஒரு எவர்சில்வர் குடம்.

குடம் கிடக்கட்டும். பெரிய பிரச்சினை கூலிதான்.

எங்கள் அணியில் மூத்த அண்ணன் ஒருத்தர். முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டுகிற கோஷ்டியில் இருந்தார். காலைப் பிடித்தார் என்றால் எருமைக்கடா மாதிரி ஆளும் நகர முடியாது. பந்தயத்துக்குக் கூப்பிட்டால் முதலில் ஒன்று கேட்பார்: "ஒரு நாள் ஆட்டம்னா ஒரு நாள் கூலி போச்சி. எவன்டா குடுப்பான்?" குடுக்க யாரிடம் காசு இருந்தது? அதற்கு ஒரு வழி வைத்திருந்தோம். கரும்பு வெட்டுக்கு டன் கணக்கில்தான் கூலி. கோஷ்டி மொத்தமாக வாங்கிப் பங்கு பிரிக்கும். அண்ணன் ஆட வந்த நாளில் மற்றவர்கள் அவர் பங்கையும் சேர்த்து வெட்டுவார்கள். சாயங்காலம் அவருக்குப் பங்கு வந்துவிடும். அவர் ஆடுகிறார், காலனி வெட்டுகிறது.

பல வருஷம் கழித்து இங்கிலாந்து ரக்பி பற்றிப் படித்தபோது இதைத்தான் நினைத்துக்கொண்டேன். யார்க்‌ஷயர், லங்காஷயர் பக்கம் நிலக்கரிச் சுரங்கத்திலும் பஞ்சாலையிலும் வேலை செய்தவர்கள் ரக்பி ஆடினார்கள். ஆட வந்தால் வேலை போகும், கூலி போகும். போன கூலியை மட்டும் ஈடுகட்டுங்கள் என்றுதான் கேட்டார்கள். ஒரு நாளைக்கு 6 ஷில்லிங். விளையாட்டுக்குக் காசு வாங்குவது கேவலம் என்றார்கள் கனவான்கள். வேலைக்குப் போகாமலே சாப்பிட முடிகிறவனுக்கு அப்படிச் சொல்வது சுலபம். 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹட்டர்ஸ்ஃபீல்டு ஊரில் ஒரு ஓட்டலில் வடக்கத்திக் கிளப்புகள் கூடி, கனவான்களின் சங்கத்தை விட்டு வெளியேறித் தனிச் சங்கம் கண்டன. அதுதான் ரக்பி லீக். தொழிலாளிகளின் ஆட்டம். கார்டிஃப் துறைமுகப் பகுதியில் பிறந்த பில்லி பாஸ்டன் என்ற கறுப்பர் 1953இல் அந்த ஆட்டத்துக்குத்தான் வந்து சேர்ந்தார். உலகத்தில் எந்த மூலையிலும் ஏழை ஆடுகிற ஆட்டத்தில் முதல் கேள்வி, போன கூலியை யார் தருவது என்பதுதான். அவர்கள் சங்கம் வைத்துக் கேட்டார்கள். நாங்கள் கொடுவாளால் ஈடுகட்டினோம். இதைப் பற்றி எனக்கு ரொம்ப நாளாகப் பெருமை உண்டு. மகளிடமும் பெருமையாகத்தான் சொன்னேன்.

வெளியூர்ப் பந்தயத்துக்கும் போவோம். எந்த ஊர் என்று வேண்டாம், எல்லா ஊரும் ஒன்றுதான். சில இடத்தில் எங்கள் பேரைக் கேட்டதும் "என்ட்ரி முடிஞ்சிடிச்சி" என்பார்கள். சில இடத்தில் விடுவார்கள். சடுகுடு தொட்டு ஆடுகிற ஆட்டம். தொட்டால்தான் பாயிண்ட், பிடித்தால்தான் பாயிண்ட். ஊர்த்தெருப் பையன் ஒருத்தன் என் நெஞ்சு மேல் படுத்து அமுக்கினான். அவன் வேர்வை என் வாயில் உப்புக் கரித்தது. விசில் ஊதின பிறகு தாகம் எடுத்துத் தண்ணி கேட்டோம். அதே பையன்தான் கொண்டு வந்தான். எங்களைக் கையைக் குவிக்கச் சொல்லி மேலேயிருந்து ஊற்றினான். கோட்டுக்கு உள்ளே என்னைக் கட்டிப் பிடித்தவன், கோட்டுக்கு வெளியே சொம்பு என் கையில் பட்டுவிடக் கூடாதென்று பார்த்துக்கொண்டான். சாம்பல் கோடுதான், காலால் தேய்த்தால் அழிந்துவிடும். ஆனால் அது எங்கே முடிகிறது என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

1978 ஜூலையில் விழுப்புரத்தில் நம்ம ஜனங்கள் 12 பேரைக் கொன்றார்கள். எனக்கு அப்போது 12 வயசு. பல நாளைக்கு எங்களை ரோட்டுக்கு விடவில்லை. அடுத்த பொங்கலுக்குப் பந்தயம் வைப்பதா வேண்டாமா என்று பேச்சு வந்தது. வைக்கணும் என்று சொன்னவர் கரும்பு வெட்டுகிற அண்ணன்தான். "வெக்கலன்னா பயந்துட்டானுங்கன்னு அர்த்தம்" என்றார். மைக்செட்காரர் வழக்கம்போல அந்தப் பாட்டைப் போட்டார். ஒருத்தர் வாயிலும் பேச்சில்லை. அண்ணன் போய் மண்ணைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டு கோட்டுக்குள் இறங்கினார். அன்றைக்கு யார் ஜெயித்தார்கள் என்று ஞாபகம் இல்லை. அந்தப் பாட்டு மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அந்த அண்ணனுக்கு வேலை கிடைக்கவில்லை. விழுப்புரம் ஜங்ஷனில் ரயில் ஓடுவதைப் பார்த்துப் பார்த்து, விளையாட்டு கோட்டாவில் ரயில்வேயில் சேரணும் என்று ஆசைப்பட்டார். அதற்கு அங்கீகாரம் பெற்ற போட்டியில் ஆடின சர்டிபிகேட் வேணும். எவர்சில்வர் குடம் சர்டிபிகேட் ஆகாது. முட்டி போய்விட்டது. கடைசி வரைக்கும் கரும்புதான் வெட்டினார். தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கணேசன் ஆசியப் போட்டி வரைக்கும் போய் 1995இல் அர்ஜுனா விருது வாங்கினார். அவர் வாழ்க்கையை ஒட்டி மாரி செல்வராஜ் 2025இல் 'பைசன்' படம் எடுத்தார். ஒருத்தர் தாண்டி வந்ததைச் சினிமாவாகப் பார்க்கிறோம். தாண்ட முடியாமல் கோட்டுக்குள்ளேயே நின்றவர்கள் காலனிக்கு காலனி இருக்கிறார்கள்.

நான் சொல்லி முடிக்கும்போது விக்கிரவாண்டி டோல்கேட் வந்துவிட்டது. மகள் கேட்டாள்: "தண்ணிய மேல இருந்து ஊத்தியிருக்கான். வெட்டிக் கொன்னுருக்காங்க. அண்ணனுக்கு முட்டி பூட்ச்சி. இதுல நீ எதுக்குப்பா ஏங்கற?"

நியாயமான கேள்வி. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசும்போது, இந்தியக் கிராமம் அறியாமையும் குறுகின புத்தியும் சாதி வெறியும் குடியிருக்கிற குகை என்ற கருத்தில் அம்பேத்கர் பேசினார். அதை மேடைக்கு மேடை சொன்னவன் நான். கிராமத்தை விட்டு வா என்று அவர் சொன்னார், வந்துவிட்டேன். பிறகு ஒரு பாட்டைக் கேட்டதும் உள்ளங்கால் கூசினால் அது எந்தக் கணக்கு? "கிராமத்துக்கு ஏங்கலம்மா. ஒருத்தன் ஆட, மத்தவங்க அவன் பங்க வெட்டனாங்களே, அதுக்கு ஏங்கறேன்" என்றேன். எனக்கே அந்தப் பதில் பிடித்திருந்தது. மகள் ஒன்றும் சொல்லவில்லை.

அக்கா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மறுபடியும் இந்தப் பேச்சை எடுத்தேன். அக்கா முறத்தில் மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். "அந்தப் பாட்டு கேட்டா உனக்கு இன்னாக்கா ஞாபகம் வருது?"

"இடுப்பு வலி" என்றாள்.

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"வெட்டனவன் ஆம்பள. சோகைய உரிச்சி, கட்டுக் கட்டி, லாரிக்குச் சொமந்தது யாரு? உங்கண்ணன் ஆட வந்தா அவரு பங்குக்கும் சேத்துக் கட்டு அதிகம். எங்களுக்குக் கூலி அதிகமா குடுத்தானா? பொழுது போன பிறவு வந்து, பந்தயத்துக்கு வந்த ஏழு காலனி ஆளுங்களுக்கும் சோறு ஆக்கணும். பாட்டுச் சத்தம் கேக்கும். ஆட்டத்த நான் ஒரு நாளும் முழுசா பாத்ததில்ல. நீ வெளியூருக்குப் போவ பஸ்ஸுக்கு காசு ஏது? நான் மல்லாட்ட ஆய்ஞ்சி வாங்கன கூலி மல்லாட்டய வித்துத்தான குடுத்தேன்?"

எனக்கு வாய் அடைத்துவிட்டது. காலனி வெட்டியது, காலனி ஈடுகட்டியது என்று சொல்லிக்கொண்டிருந்தேனே, அந்தக் காலனிக்கு அக்காவின் இடுப்பு இருந்தது எனக்குத் தெரியவில்லை. எங்களைக் கோட்டுக்குள் கூப்பிட்ட பாட்டு ஒரு பெண் குரல். அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு பெண்கள் அடுப்படியில் இருந்தார்கள். நாங்கள் கோடு போட்ட சாம்பலும் அவர்கள் அடுப்பிலிருந்து வந்ததுதான்.

"நீயும்தான ஆடன சின்ன வயசுல" என்றேன். ஞாபகம் இருந்தது. ஏரிக்கரையில் எங்களோடு சடுகுடு ஆடுவாள். என்னைவிட மூச்சு நீளம் அவளுக்கு. வயசுக்கு வந்ததும் நிறுத்திவிட்டார்கள்.

"மூச்சு இருந்துச்சி. யாரு உட்டாங்க?" என்றாள்.

மகள் தன் போனை எடுத்து அக்காவிடம் காட்டினாள். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வாங்கியது. அதில் ஆடின கார்த்திகா, சென்னை கண்ணகி நகர்ப் பெண். நகரத்துக் குடிசைகளைப் பிடுங்கிக் கொண்டுபோய்க் குடிவைத்த இடம் கண்ணகி நகர். அந்தப் பெண் எதிரணிப் பக்கம் ஏறிப் போவதை அக்கா முறத்தைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள். திரும்பி வந்து கோட்டைத் தொடுகிறவரைக்கும் அவளும் மூச்சு விடவில்லை. "வந்துட்டா" என்றாள். பிறகு, "பாட்டு கேக்கலியேடி?" என்று கேட்டாள்.

"பாடறாங்க அத்தே. கூட்டத்துச் சத்தத்துல கேக்கல."

அக்கா கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். பிறகு, அவள் சின்ன வயசில் பாடின சடுகுடுப் பாட்டை, உட்கார்ந்த இடத்திலேயே, ஒரே மூச்சில் பாடிக் காட்டினாள். 60 தாண்டின பொம்பளை. நடுவில் மூச்சு அறுந்தது. "அவுட்டு" என்று சொல்லிவிட்டு மல்லாட்டை உடைக்கப் போய்விட்டாள். அந்தப் பாட்டை நான் அதுவரைக்கும் கேட்டதே இல்லை. கேட்டிருந்தாலும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை.

பந்தயம் நடந்த நிலத்தில் இன்றைக்கு மனைக்கல் நட்டிருக்கிறது. அதற்கு ஏங்கி ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனால் நம்ம ஆட்டத்தைப் பற்றியும் நம்ம வீரர்களைப் பற்றியும் நம்ம பிள்ளைகள் இப்போது எழுத வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்வேன். யார் ஜெயித்தார்கள் என்று எழுதுங்கள். அன்றைக்கு யாருடைய கூலி போனது, யார் அதை ஈடுகட்டினார்கள் என்றும் வீட்டில் கேட்டு எழுதுங்கள். நான் கேட்பதற்கு 40 வருஷம் ஆனது.