மாட்டுக்குக் கை இருந்தால்...

மாட்டுக்கும் குதிரைக்கும் சிங்கத்துக்கும் கை இருந்து, படம் வரையவும் தெரிந்திருந்தால் கடவுளை எப்படி வரையும்? மாடு மாட்டைப் போல, குதிரை குதிரையைப் போலத்தான் வரையும். சுமார் 2500 ஆண்டுகளுக்கு முன் இப்படிக் கவிதை எழுதியவர் செனோபனிஸ் என்ற கிரேக்கர்.

சொந்த ஊர் கொலோஃபோன், இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதி. பாரசீகர்கள் அந்தப் பக்கத்தைப் பிடித்த காலத்தில் ஊரை விட்டுக் கிளம்பியவர். 25 வயதிலிருந்து 67 வருடம் கிரேக்க நாடெங்கும் அலைந்ததாக அவரே கணக்குச் சொல்கிறார். கூட்டினால் 92! சிசிலி வரை போய், தன் பாட்டுகளைத் தானே பாடிக் காட்டியவர்.

அன்றைய கிரேக்கர்களுக்குத் தெய்வங்கள் இப்படித்தான் என்று சொல்லிக்கொடுத்தது ஹோமரும் ஹெசியோடும். அவர்கள் கதைகளில் தெய்வங்கள் திருடும், கள்ள உறவு வைக்கும், ஒன்றையொன்று ஏமாற்றும். மனிதன் செய்தால் கேவலம் என்பதையெல்லாம் தெய்வத்தின் தலையில் கட்டிவிட்டார்களே என்பதுதான் இவருடைய கோபம். இன்னொன்றையும் கவனித்திருக்கிறார். எத்தியோப்பியர்களின் கடவுள் கறுப்பு, சப்பை மூக்கு. திரேசியர்களின் கடவுளுக்கோ நீலக் கண், செம்பட்டை முடி. வானவில்லை ஐரிஸ் என்ற தேவதை என்றார்கள். அதுவும் ஒரு மேகம்தான் என்று முடித்துவிட்டார்.

அப்படியானால் நாத்திகரா? அதுதான் இல்லை. விருந்தைப் பற்றிய பாட்டில் முதலில் கடவுளை வாழ்த்திவிட்டுத்தான் குடிக்கச் சொல்கிறார். (அதுவும் ஆள் துணையில்லாமல் வீடு போய்ச் சேருகிற அளவுக்குத்தான். வயதானவர்களுக்கு மட்டும் சலுகை!) எல்லோரிலும் பெரிய கடவுள் ஒருவர் உண்டு, உடம்பிலும் எண்ணத்திலும் மனிதனைப் போன்றவர் அல்ல, இருந்த இடத்திலிருந்தே நினைப்பால் எல்லாவற்றையும் அசைக்கிறார் என்பது அவர் கொள்கை.

இங்கேதான் இடிக்கிறது. மாடு மாட்டைப் போல வரையும் என்றவர், சிந்தனையே பிழைப்பாக இருந்தவர், சிந்தனையாலேயே உலகை நடத்தும் ஒரு கடவுளை அல்லவா வரைந்திருக்கிறார்?

இந்தக் கேள்வி அவருக்கும் வந்திருக்கும் போல. கடவுள்களைப் பற்றியும், தான் சொல்லும் மற்றவை பற்றியும் உறுதியான உண்மையை எந்த மனிதனும் கண்டதில்லை, காணப்போவதுமில்லை என்கிறார். ஒருவன் தப்பித்தவறிச் சரியாகவே சொல்லிவிட்டாலும், அது சரி என்று அவனுக்கே தெரியாதாம். ஹோமரை அவ்வளவு திட்டியவர் தன்னையும் அதே வரிசையில் நிறுத்திக்கொண்டார்.

அவர் எழுதியவை முழுதாகக் கிடைக்கவில்லை, பிறர் மேற்கோள் காட்டிய துண்டுகள்தான் மிச்சம். அந்த மாட்டுக் கவிதையைக் காப்பாற்றித் தந்தவர் யார் தெரியுமா? அலெக்சாந்திரியாவின் கிளமென்ட், ஒரு கிறிஸ்தவ மத அறிஞர்.