கயிறு யார் கையில்?

முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் தூத்துக்குடிப் பக்கம் ஒரு வழக்கம் இருந்ததாகச் சொல்வார்கள். காலில் கல்லோடு கடலுக்குள் இறங்குகிறவன் இடுப்பில் ஒரு கயிறு இருக்கும். தோணியில் நின்று அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பவன் அவனுடைய மைத்துனனாக இருப்பானாம். ஏன், உடன்பிறந்த தம்பி ஆகாதா என்றால், தம்பிக்குப் பாகப்பிரிவினை ஞாபகம் வந்துவிடலாம்; மைத்துனனுக்கோ தன் அக்காள் கழுத்துத் தாலிதான் கண்முன் நிற்கும். கதையோ நடப்போ, மனித சுபாவம் அறிந்தவர்கள் செய்த ஏற்பாடு என்பதில் சந்தேகமில்லை.

தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது. அதற்கு வெகு முன்னாலேயே, 1943-இல், பிரான்ஸ் தேசத்தில் கூஸ்தோ என்ற கடற்படை அதிகாரியும் எமில் காஞான் என்ற என்ஜினீயரும் சேர்ந்து, கயிறே இல்லாமல் கடலுக்குள் போய்வர ஒரு கருவி செய்துவிட்டார்கள். யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காததால் கியாஸில் கார் ஓட்டுவதற்காகக் காஞான் ஒரு வால்வு செய்திருந்தார். அதைக் கொஞ்சம் மாற்றி மனிதனுடைய வாயில் பொருத்தினார்கள். அவ்வளவுதான். மைத்துனன் வேலையை ஒரு வால்வு எடுத்துக்கொண்டது.

இந்த வால்வை எங்கே வாங்குவது என்று போன தை மாதம் எங்கள் ஊரில் ஒரு குடும்பத்தில் மூன்று நாள் வாக்குவாதம் நடந்தது. எங்கள் ஊர் எம்.ரெட்டியபட்டி. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தைப் பார்த்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். நானும் முதலில் சிரித்தேன். கரிசல் காடு. பருத்தி, கம்பு, சோளம், மல்லி, எல்லாம் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும் பயிர்கள். யாரும் விதைக்காத இடத்தையெல்லாம் சீமைக் கருவேல் எடுத்துக்கொண்டது. குண்டாற்றில் வருஷத்தில் பெரும்பாலான நாள் மணலைத்தான் பார்க்கலாம். பிரளய வெள்ளத்தைச் சிவபெருமான் ஒரு சுழியாக்கிப் பூமிக்குள் இறக்கிவிட்ட இடம் என்று திருச்சுழித் தலபுராணம் சொல்கிறது. சுவாமி ஒரு கண்மாய் அளவாவது மிச்சம் வைத்திருக்கலாம் என்பது எங்கள் ஊர்ப் பெரியவர்களின் நீண்ட நாள் மனத்தாங்கல்.

ஆனால் மூழ்குவது எங்களுக்குப் புதிதல்ல. முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக் கிணற்றில் தள்ளித்தான் எங்களுக்கு நீச்சல் பழக்கினார்கள். பம்புசெட்டின் புட்வால்வில் குப்பை அடைத்தால், மூச்சைப் பிடித்துக்கொண்டு அடிவரைக்கும் போய் எடுத்துவிட்டு வருகிற ஆட்கள் ஊருக்கு இரண்டு பேர் இருந்தார்கள். என் தமக்கை மகள் அந்தக் கிணற்று நீச்சலோடு தூத்துக்குடிக்குப் போய்க் கடல் உயிரியல் படிக்கிறாள். மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளைக் கீழே போய்ப் பார்த்து எண்ணி எழுத வேண்டும். அங்கேயிருந்த 21 தீவுகளில் இரண்டு கடலுக்குள்ளேயே போய்விட்டன. வான்தீவு பெருமளவு கரைந்துபோனது. 2010-இலும் 2016-இலும் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்துப் போயின. அதனால் எண்ணிக்கை அவசரம் என்கிறாள். புதுச்சேரியில் ஓர் ஆழ்கடல் பயிற்சி நிலையத்தில் கற்றுக்கொண்டு சர்ட்டிபிகேட்டும் வாங்கிவிட்டாள். இதுவரை வாடகைக் கருவியில் மூழ்கியவளுக்கு இப்போது சொந்தமாக வேண்டும்.

என் மருமகன், அதாவது அவள் அண்ணன், சென்னையில் வேலை பார்க்கிறவன், செல்போனைக் கையில் எடுத்தான். வால்வுக்குப் பெயர் ரெகுலேட்டர். புதுச்சேரிக் கடையில் 49,500 ரூபாய். அதே கம்பெனிச் சரக்கு, அதே நம்பர், இணையத்தில் 38,000 ரூபாய். வித்தியாசம் 11,500. அத்தானுக்கு எந்தத் தொகையையும் பருத்தியாக மாற்றிப் பார்த்தால்தான் விளங்கும். "ஒண்ணரைக் குவிண்டால்" என்று சொல்லிவிட்டு எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். அந்த ஒன்றரைக் குவிண்டாலை அவர் குனிந்து எடுத்த முதுகோடு யார் வாதாட முடியும்?

"உள்ளூர்க் கடையை ஆதரிக்கணும்னு பேசுவாங்க மாமா. நமக்கு எது உள்ளூர்?" என்று பையன் என்னைக் கேட்டான். நியாயமான கேள்வி. புதுச்சேரிக் கடை எங்களுக்கு ஒரு ராத்திரி பஸ் பயணம். இணையத்துக் கடைக்காரனின் ஆளோ மோட்டார் சைக்கிளில் வேப்பமரத்தடிக்கே வந்து, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போகிறான். முன்பெல்லாம் பத்திரிகை விளம்பரம் பார்த்து வி.பி.பி.யில் சாமான் வரவழைத்தால், தபால்காரர் பணத்தை எண்ணி வாங்கிய பிறகுதான் பொட்டலத்தைத் தொடவிடுவார். பிரித்துப் பார்த்து விழிப்பது அப்புறம். இப்போது பிடிக்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்கிறார்கள். இது முன்னேற்றம்தான், மறுக்க மாட்டேன்.

கடைக்காரர்கள் எல்லாரும் தர்மராஜாக்கள் என்றும் சொல்ல மாட்டேன். போட்டிக்கு ஆள் இல்லாத இடத்தில், அலமாரியில் இருப்பதுதான் உலகத்திலேயே உயர்ந்த சரக்கு என்று சத்தியம் செய்கிறவர்களை நான் ஜவுளியிலும் பார்த்திருக்கிறேன், உரத்திலும் பார்த்திருக்கிறேன். தமிழ்நாட்டுப் பக்கம் மூழ்கு கருவிக் கடைகளை விரல்விட்டு எண்ணலாம். அங்கே இரண்டு கம்பெனிச் சரக்கு இருந்தால், அந்த இரண்டில் ஒன்றுதான் உங்களுக்கு விதிக்கப்பட்டது.

ஆனாலும் முகமூடி விஷயத்தில் நான் கடைக் கட்சி. இந்தப் பெண்ணுடன் படிக்கிற ஒருத்தி படத்தைப் பார்த்து ஆசைப்பட்டு ஒன்றைத் தருவித்தாள். அழகான சாமான். அவள் கன்னத்துக்கும் அதற்கும்தான் ஒத்துப்போகவில்லை. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் உள்ளே தண்ணீர். முகமூடியைச் சோதிக்க ஒரு வழி உண்டு. வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து, மூக்கால் மெல்லக் காற்றை இழுக்க வேண்டும். கையை எடுத்த பிறகும் விழாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் அது உங்கள் முகத்துக்கு என்று பிறந்தது. இதைச் செல்போனில் செய்ய முடியாது. புதுச்சேரிக்காரர் எங்கள் பெண்ணுக்கு ஏழு முகமூடிகளை வைத்துப் பார்த்துவிட்டு, விலை கூடின ஐந்தையும் ஒதுக்கி, ஆறாவது ஒன்றைக் கொடுத்தாராம். அங்கேதான் எனக்கு அந்த மனிதர்மேல் ஒரு மதிப்பு வந்தது.

ரெகுலேட்டர் சங்கதி இன்னும் ஆழமானது. முதுகில் இருக்கும் சிலிண்டரில் காற்று சுமார் 200 மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் அடைபட்டிருக்கிறது. அதை அப்படியே வாயில் வாங்கினால் என்ன ஆகும் என்பதை வாசகர்களின் கற்பனைக்கு விடுகிறேன். கடலில் பத்து மீட்டர் இறங்கினால் உடம்பின் மேல் அழுத்தம் இரண்டு மடங்கு. இருபது மீட்டரில் மூன்று. எந்த ஆழத்தில் இருக்கிறோமோ அந்த ஆழத்துக்குச் சரியான அழுத்தத்தில், மூச்சு இழுக்கும்போது மட்டும், காற்றை இரண்டு கட்டமாகக் குறைத்துக் கொடுப்பது இந்த வால்வு. உள்ளே ரப்பர் வளையங்கள், ஸ்பிரிங், ஒரு மெல்லிய சவ்வு. உப்பு அரிக்கும், ரப்பர் தேயும். கோளாறு வந்தால் பெரும்பாலும் காற்று நின்றுபோகாது. பீறிட்டுக் கொட்டிச் சிலிண்டரே காலியாகிவிடும். பயந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினால், ஏற ஏறக் காற்று விரிந்து நுரையீரலையே கிழித்துவிடும். ஆகவே வருஷத்துக்கு ஒரு முறை, பயிற்சி பெற்ற ஆள் பிரித்து வளையங்களை மாற்ற வேண்டும்.

கம்பெனி அங்கீகரித்த வியாபாரியிடம் வாங்காத சரக்காக இருந்தால் அதற்குக் கம்பெனியின் பொறுப்பு பெரும்பாலும் கிடையாது. விற்றவன் சொந்தப் பொறுப்பு என்று ஒரு சீட்டுக் கொடுப்பான். அதைப் பற்றிப் பேச அவன் இருக்கும் ஊருக்கு அனுப்ப வேண்டும். இன்னொரு தொல்லையும் உண்டு. சிலிண்டரின் வாயில் ரெகுலேட்டரை மாட்ட இரண்டு தினுசு இருக்கின்றன: ஒன்று திருகிப் பொருத்துவது, மற்றது கவ்விப் பிடிப்பது. மலிவு என்று ஒரு தினுசை வரவழைத்துவிட்டுப் படகில் மற்றதைக் கண்டால், வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். சிலிண்டரை யாரும் தபாலில் வாங்குவதில்லை. அது நாக்பூரில் தலைமை அலுவலகம் வைத்திருக்கும் வெடிபொருள் பாதுகாப்புத் துறையின் சட்டத்துக்கு உட்பட்ட சாமான். வாடகைதான்.

இதையெல்லாம் நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, தமக்கை அதுவரை மல்லியைப் புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஏந் தம்பி, போன வருசம் போருக்கு மோட்டார் வாங்குனமே, எங்க வாங்குனோம்?"

"அருப்புக்கோட்டையிலே."

"கோயமுத்தூர்ல இதைவிடக் கொறச்சல்னு அப்பவும் இவன் சொன்னான். ராத்திரி ரெண்டு மணிக்கு மும்முனைக் கரண்டு வந்து, மோட்டார் ஓடலைன்னா, அருப்புக்கோட்டை மெக்கானிக்கு வண்டியிலே வந்து நிப்பான். அதுக்குத்தான அங்க வாங்குனோம். பயிர் வாடுனா மறு வருசம் வெதைக்கலாம். இது எம் பிள்ளையில்ல? கெட்டுப் போச்சுன்னா யார்கிட்டப் போயி நிக்கிறது? பெட்டி கொண்டாந்த பையன்கிட்டயா?"

பையன் செல்போனை மூடிவிட்டான். கணக்குக்கு இரண்டு பக்கம் இருப்பது அவனுக்கும் தெரியும். வாசலில் நின்ற அத்தான் திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்புறம் தமக்கை புதுச்சேரிக்காரரிடம் தானே பேச வேண்டும் என்றாள். மகள் போனைப் போட்டுக் கொடுத்தாள். "தம்பி, நான் பிள்ளையோட ஆத்தா பேசுறேன். இந்தக் குழாயை வருசா வருசம் நீங்களே பிரிச்சுப் பார்ப்பீகளா, வேற ஆள் கையிலே குடுப்பீகளா?" என்று கேட்டாள். அந்தப் பக்கம் என்ன பதில் வந்தது என்று எனக்குக் கேட்கவில்லை. நெடுநேரம் "சரிய்யா, சரிய்யா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில் விலையில் 2,000 ரூபாய் குறைக்கவும் செய்துவிட்டாள். அதற்கு நான் சொன்ன பௌதிகம் எதுவும் உதவவில்லை.

ரெகுலேட்டரும் முகமூடியும் புதுச்சேரியில் வாங்கினார்கள். காலுறை, டார்ச் விளக்கு, சாமான் வைக்கும் வலைப்பை ஆகியவை இணையத்தில் வந்தன. டார்ச் மட்டும் ஒரு தடவை திரும்பிப் போய், வேறு வந்தது. அண்ணனுக்கும் மனம் ஆறியது.

தமக்கை வீட்டுப் பீரோக் கதவின் உட்புறத்தில் சாக்குக் கட்டியால் கணக்கு எழுதுவது வழக்கம். மோட்டாருக்குக் காயில் கட்டிய தேதி அங்கே இருக்கிறது. சீட்டுப் பணம் கட்ட வேண்டிய தேதியும் இருக்கிறது. போன வாரம் போயிருந்தபோது பார்த்தேன்: அவற்றுக்குக் கீழே, "தை 10, பிள்ளை குழாய், புதுச்சேரி" என்று ஒரு வரி ஏறியிருந்தது.